பள்ளிக்கூடத்துப் பரண்

ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இயற்பியல் இருக்கிறது. ஹில்லெல் சஃப்ரான் என்ற யூத எஞ்சினியர், சார்பியல் கோட்பாடு பற்றிய ஒரு பாடப்புத்தகத்தைப் படித்து, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி குறிப்பெடுத்து வைத்த நோட்டு அது. அதே நோட்டில் இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. அவர் மனைவி க்ளாராவுடையது. 1943 ஜூனில் கணவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற சேதி வந்தபோது அந்தம்மா ஒளிந்திருந்த இடத்தில் வாய்விட்டு அழ முடியாது. சத்தம் வெளியே கேட்டால் மறைந்திருக்கிற அத்தனை பேரும் சாக வேண்டியதுதான். அதனால் துக்கத்தை அந்த நோட்டில் எழுதினார். பக்கத்தில் ஆறு வயசு நிறையாத மகன் இருந்தான்.

அந்த மகன்தான் ரோல்ட் ஹாஃப்மன். 1981இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். நோபல் பரிசு வாங்கினவர்கள் எத்தனையோ பேர். நான் இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதுக்காக இல்லை. பரிசுக்கு முன்னாலும் பின்னாலும், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அப்போதுதான் உள்ளே நுழைகிற முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படை வேதியியல் நடத்திய வாத்தியார் என்பதற்காக. நானும் அரசுப் பள்ளிக்கூடங்களில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

1937 ஜூலை 18இல் ஸ்வோச்சூவ் என்ற ஊரில் பிறந்தவர். அன்றைக்கு அது போலந்து. இன்றைக்கு உக்ரைனில் இருக்கிற ஸோலோச்சிவ். அப்பா, ல்வூவ் நகரத்துப் பொறியியல் கல்லூரியில் படித்த சிவில் எஞ்சினியர். அம்மா வாத்தியார் வேலைக்குப் படித்தவர். தென்துருவத்தை முதலில் எட்டிய ரோல்ட் அமுண்ட்செனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். உலகமெல்லாம் சுற்றி வரட்டும் என்று பெயர் வைத்த பிள்ளையை ஒரு அறைக்குள் அடக்கி வைக்கும் காலம் சீக்கிரமே வந்தது.

1939இல் போர் தொடங்கியது. அந்தப் பகுதி முதலில் சோவியத் கைக்குப் போனது. 1941 ஜூலையில் ஜெர்மன் படை வந்தது. வந்த சில நாளிலேயே ஊர்க் கோட்டைக்குள் யூதர்களைக் கூட்டிக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஜெர்மானியர் மட்டும் இல்லை, உள்ளூர் உக்ரைனியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1942இல் ஆயிரக்கணக்கானவர்களை ரயிலேற்றி பெல்ஜெட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். மிஞ்சினவர்களைத் தனிக் குடியிருப்பிலும் வேலை முகாமிலும் அடைத்தார்கள். சஃப்ரான் குடும்பமும் முகாமுக்குப் போனது. அப்பா எஞ்சினியர், ரோடு பாலம் என்று அவரால் ஆக வேண்டிய வேலை இருந்தது. வேலை வாங்குகிற வரைக்கும் உயிரோடு விட்டு வைப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

1943 தொடக்கத்தில் அப்பா, மனைவியையும் மகனையும் முகாமிலிருந்து ரகசியமாக வெளியேற்றினார். தான் முகாமிலேயே தங்கினார். உள்ளே இருந்தவர்களுக்கு ஆயுதம் சேர்த்துத் தப்பிக்கத் திட்டம் போட்டார். அது வெளியே தெரிந்துவிட்டது. சித்திரவதை செய்து கொன்றார்கள்.

அம்மாவும் பிள்ளையும் போன இடம் ஊனிவ் என்ற பக்கத்துக் கிராமம். அங்கே பள்ளிக்கூட வாத்தியார் மிகோலா த்யூக். உக்ரைனியர், யூதர் இல்லை. தன் குடும்பத்தோடு இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தின் பரணில் இவர்களை ஏற்றி வைத்தார். அம்மா, பிள்ளை, இரண்டு மாமன்மார், ஒரு அத்தை. பரணிலும் ஒரு சாமான் அறையிலுமாக 1944 வரைக்கும் கிடந்தார்கள். யூதரை ஒளித்து வைத்தால் ஒளித்தவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் சாவு என்பது அன்றைய போலந்தில் ஜெர்மானியர் போட்ட சட்டம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷம். ஒவ்வொரு நாளும் ஐந்து பேருக்குச் சோறு போக வேண்டும், கழிவு வெளியே வர வேண்டும், யாரும் இருமக் கூடாது. த்யூக் வீட்டு ஆட்களின் கையில்தான் அத்தனையும் இருந்தது.

கோட்டைக்குள் கொன்ற கூட்டத்திலும் உக்ரைனியன் இருந்தான், பரணுக்குச் சோறு கொண்டுபோனவனும் உக்ரைனியன். ஹாஃப்மன் பிற்காலத்தில் எழுதும்போது இரண்டையும் மறைக்கவில்லை. ஒருத்தன் எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்பதை வைத்து அவனை முடிவு கட்டக் கூடாது என்று நாம் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். நமக்காகச் சொல்கிற அதே பேச்சை அடுத்தவனுக்காகவும் சொல்லத் தெரிய வேண்டும். அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

*

ஐந்து வயசுப் பையனைப் பரணில் எப்படிச் சத்தம் போடாமல் வைத்திருப்பது? பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அடித்தால் அழுவான், கொஞ்சினால் சிரிப்பான், ரெண்டுமே ஆபத்து. க்ளாரா அம்மாள் பாடம் நடத்தினார். பரணில் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை வைத்தே மகனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பூகோளப் புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார், பிறகு கேள்வி கேட்டார். வாசலுக்குப் போக முடியாத பிள்ளை கடலையும் மலையையும் தேசங்களையும் ஒப்பித்தது. வெளியே ஊர்ப்பிள்ளைகள் விளையாடும். இவன் மேலேயிருந்து பார்ப்பான். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஹாஃப்மன் பயத்தை முதலில் சொல்வதில்லை. பட்டுப்பூச்சிக் கூட்டுக்குள் இருப்பது போல அம்மாவின் அன்புக்குள் பொதிந்து கிடந்தேன் என்கிற பொருளில்தான் சொல்கிறார்.

அவர் முதலில் படித்த பள்ளிக்கூடம் அதுதான். கூரைக்குக் கீழே, வாத்தியாரும் மாணவனும் குசுகுசுவென்று பேசிக்கொண்ட பள்ளிக்கூடம்.

இந்த இடத்தில் அந்த நோட்டை மறுபடியும் நினைக்கிறேன். அதில் ஹில்லெல் சஃப்ரான் குறிப்பெடுத்தது என்ன? ஐன்ஸ்டைனின் கோட்பாடு. நாஜி ஆட்சியில் அதற்கு ‘யூத இயற்பியல்’ என்று பட்டம் கட்டினார்கள். கட்டினது படிக்காத ரவுடிகள் இல்லை. ஃபிலிப் லெனார்ட், யோகன்னஸ் ஸ்டார்க் என்ற இரண்டு பேர் அதற்குத் தலைமை. ஒருத்தர் 1905லும் ஒருத்தர் 1919லும் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினவர்கள். ஜெர்மானிய ரத்தத்துக்கு ஒரு அறிவியல், யூத ரத்தத்துக்கு ஒரு அறிவியல் என்று பிரித்தார்கள். அறிவு பிறப்பால் வருவது, இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை என்கிற பேச்சு நமக்குப் புதுசு இல்லை. ஆனால் அளந்து பார்க்கத் தெரிந்தவன், நிரூபணம் தெரிந்தவன், அவனும் அதைப் பேசினான் என்பதைக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானம் படித்துவிட்டால் இந்த நோய் தானாகத் தெளிந்துவிடும் என்று நம்புகிற தோழர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மனுஷன் கழுத்துக்கு மேலே கத்தி தொங்கும்போது அந்தப் புத்தகத்தைப் படித்துக் குறிப்பெடுத்தான். எதற்கு? அந்தப் படிப்பால் அவனுக்கு வேலை கிடைக்கப் போவதில்லை. விடுதலை கிடைக்கப் போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அவனை நம்பராக ஆக்கினவர்களால் அந்த ஆசையை மட்டும் எடுக்க முடியவில்லை.

எங்களைப் போன்றவர்கள் எழுத வரும்போது எங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். “உங்க வலிய எழுதுங்க.” சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரருக்கு உப்பளத்து உப்பு எப்படிப் படிகமாகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். “இத எழுத வேற ஆளுங்க இருக்காங்க சார். நீங்க உங்க அனுபவத்த எழுதுங்களேன்” என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என் அனுபவத்தையும் சொல்கிறேன். 1980இல் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டைத் தொட எங்கள் தெருப் பையன்கள் நாலு பேருக்கு வருஷம் முழுக்க முறை வரவேயில்லை. “நீங்க தள்ளி நின்னு பாத்து எழுதிக்குங்கடா” என்பார் அந்த வாத்தியார். உறிஞ்சும்போது வாய் வைக்கிற கருவி அது. ஏன் தரவில்லை என்று விளக்கத் தேவையில்லை. இது என் அனுபவம். உப்பு படிகமாகும்போது ஒவ்வொரு முறையும் கனசதுரமாகத்தான் வரும் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லையே, அதுவும் என் அனுபவம்தான். முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதைத் திருப்பித் தருகிறவர்களிடம் சஃப்ரான் வீட்டு நோட்டைக் காட்ட விரும்புகிறேன். அதில் கணவனின் இயற்பியலும் இருக்கிறது, மனைவியின் ஒப்பாரியும் இருக்கிறது. ஒன்றைக் கிழித்துவிட்டு இன்னொன்றைச் சாட்சியம் என்று சொல்ல முடியாது.

அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒருத்தர் சாவைத் தூக்கி இன்னொருத்தர் சாவோடு தராசில் வைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

*

1944இல் செம்படை வந்தது. பரணிலிருந்து இறங்கினார்கள். உறவில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. அந்த வருஷக் கடைசியில் குடும்பம் மேற்கே நகர்ந்து கிராக்கவ் நகரம் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் பையன் முறையாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அம்மா பால் ஹாஃப்மன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். ஹாஃப்மன் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. பிறகு செக்கோஸ்லோவாகியா, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று அகதி முகாம் முகாமாகப் போனார்கள்.

அந்த அகதி வாழ்க்கையில் பையன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இரண்டு வாழ்க்கை வரலாறுகளைப் படித்தான். ஒன்று மேரி கியூரியைப் பற்றி அவர் மகள் எழுதியது. இன்னொன்று ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பற்றியது. கார்வர் யார் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பர். தாவரவியல் படித்து டஸ்கீகியில் கறுப்பர்களுக்கான கல்விக்கூடத்தில் வாத்தியார் ஆனார். பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணுக்கு நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் போடச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் வர முடியாத சம்சாரிகளுக்காக 1906இல் ஒரு குதிரை வண்டியையே வகுப்பாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்த வண்டி அவர் யோசனை. பரணிலிருந்து இறங்கி வந்த யூதப் பிள்ளையின் கையில், அடிமையாகப் பிறந்து வாத்தியாரான ஒருவரின் கதை கிடைத்திருக்கிறது. இன்னாருடைய கதை இன்னாருக்குத்தான் உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

1949 பிப்ரவரி 22இல் எர்னி பைல் என்ற துருப்புக் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார்கள். பையனுக்குப் பதினோரு வயசு. ஆங்கிலம் அவன் கற்ற ஆறாவது மொழி. புரூக்ளின் நகராட்சிப் பள்ளிகளிலும், பிறகு ஸ்டைவெசன்ட் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படிக்கத்தான் சேர்ந்தார். வேதியியல் இழுத்துக்கொண்டது. 1962இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1965இல் கார்னெல் போனார்.

அவர் கண்டுபிடித்ததைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். நாலு கார்பன் அணு வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி, பியூட்டாடையீன். அதன் இரண்டு முனையும் சேர்ந்தால் வளையம். சேர வேண்டுமானால் முனைகள் திரும்பியாக வேண்டும். சூடு காட்டினால் இரண்டு முனையும் ஒரே திசையில் திரும்பும். ஒளி காட்டினால் எதிரெதிர்த் திசையில் திரும்பும். அதே வகையில் ஆறு கார்பன் சங்கிலியை எடுத்தால் இது அப்படியே மாறிப்போகும். ஏன்? எலக்ட்ரான்கள் அணுக்களைச் சுற்றி அலையாகப் பரவியிருக்கின்றன. அந்த அலைகளின் சமச்சீர் குலையாமல் எந்தப் பக்கம் திரும்ப முடியுமோ அந்தப் பக்கம்தான் திரும்பும். ராபர்ட் உட்வர்டு பி12 வைட்டமினைத் தயாரிக்கும் முயற்சியில் மோதிக்கொண்ட புதிர் இது. அவரும் இளைஞரான ஹாஃப்மனும் சேர்ந்து 1965இல் விதியை வெளியிட்டார்கள். உட்வர்டு 1979இல் இறந்துவிட்டார். 1981இல் ஹாஃப்மனுக்கும், தனி வழியில் இதே இடத்துக்கு வந்த ஜப்பானியர் கெனிச்சி ஃபுகுயிக்கும் பரிசு கிடைத்தது. பெயர் கொடுத்து வளர்த்த தகப்பன் பால் ஹாஃப்மன் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் கண்ணை மூடியிருந்தார்.

*

ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆஷ்விட்ஸில் பயன்படுத்திய ஸைக்ளோன் பி என்ற விஷமும் வேதியியல்தான். பூச்சி மருந்தாகத் தொடங்கியது. ஃபிரிட்ஸ் ஹாபர் தலைமை தாங்கிய ஆய்வு நிறுவனத்தின் வேலையிலிருந்து கிளைத்தது. ஹாபரே யூதராகப் பிறந்தவர். நாஜிகள் வந்ததும் 1933இல் நாட்டை விட்டுப் போய் அடுத்த வருஷம் செத்துப் போனார். இவ்வளவும் தெரிந்த ஒருத்தர் அந்தப் பாடத்தையே எப்படிக் கையில் எடுத்தார்?

ஹாஃப்மன் வேதியியலைப் பால் போல் வெள்ளை என்று சொல்லித் தப்பிக்கவில்லை. 1995இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘ஒன்றுதான், ஒன்றல்ல’ என்று பொருள் தரும். ஒரே அணுக்கள், ஒரே இணைப்பு, ஆனால் இடது கை வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகள் இருக்கின்றன. பார்த்தால் ஒன்று, உடம்புக்குள் போனால் வேறு. அந்த நூலில் தாலிடோமைடு கதையைச் சொல்கிறார். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து. கர்ப்பிணிகள் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறைந்து பிறந்தபின், 1961இல் திரும்பப் பெற்றார்கள். தான் உண்டாக்கும் பொருள் என்ன செய்யும் என்று கேட்கிற கடமை, அதை உண்டாக்குகிறவனுக்கு உண்டு என்பது அவர் வாதம். முகமூடி போட்ட நிபுணர்களிடம் விட்டுவிட்டால் போதாது, சாதாரண ஜனங்களும் வேதியியல் தெரிந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதும் அதன் தொடர்ச்சி. அறிவியலைச் சொல்லிக்கொடுப்பது அவருக்கு ஜனநாயகத்தோடு சேர்ந்த வேலை.

அதனால்தான் முதலாண்டு வகுப்பை விடவில்லை. நம்ம ஊரில் நாலு பேருக்குப் பெயர் தெரிந்துவிட்டால் போதும், பேராசிரியர் கீழ்வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். நோபல் வாங்கினவர் புதுப் பிள்ளைகளுக்கு முன்னால் சாக்பீஸ் பிடித்து நின்றார். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் தான் நல்ல ஆராய்ச்சியாளன் ஆனேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். புரியாதவனுக்குப் புரியவைக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது தெரியும். முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி.

1990இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ‘வேதியியல் உலகம்’ என்ற தொடர் எடுத்தார்கள். அரைமணி நேரம் ஓடக்கூடிய 26 பகுதிகள். டான் ஷோவால்டர் மேஜையில் சோதனை செய்து காட்ட, ஹாஃப்மன் பேசினார். நியூயார்க்கில் ஒரு காபிக் கடையின் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை அறிவியலையும் பாட்டையும் கூத்தையும் சேர்த்து நிகழ்ச்சி நடத்தினார். கவிதை எழுதினார். கார்ல் ஜெராஸியோடு சேர்ந்து ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது யார் என்ற சண்டையை நாடகமாக எழுதினார். பரண் வாழ்க்கையையும் பிற்காலத்தில் நாடகமாக்கினார். அறிவியலையும் சாட்சியத்தையும் ஒரே கை எழுதியது.

2006இல் வளர்ந்த மகனைக் கூட்டிக்கொண்டு ஹாஃப்மன் அந்த ஊருக்குப் போனார். மகனுக்கும் அப்போது ஐந்து வயசில் ஒரு பிள்ளை இருந்தது. ஊனிவ் பள்ளிக்கூடத்தில் பரண் அப்படியே இருந்தது. கீழே ஒளிந்திருந்த சாமான் அறையைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அது வேதியியல் வகுப்பறை. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. கதையில் எழுதினால் ஜோடனை என்பார்கள். மூன்று வருஷம் கழித்து, 2009இல், கொல்லப்பட்டவர்களுக்காக ஸோலோச்சிவில் ஒரு நினைவுச்சின்னம் அவர் முயற்சியால் எழுந்தது.

பரணில் ஏற்றி வைத்த மிகோலா த்யூக்கை, யூதரைக் காத்த நேர்மையாளர் வரிசையில் இஸ்ரேலின் யாத் வஷேம் சேர்த்துக் கௌரவித்தது. அவர் கிராமத்து வாத்தியார். பாடப்புத்தகத்தில் வருகிற விதி எதற்கும் அவர் பெயர் இல்லை. ஆனால் கார்னெலில் பெஞ்சில் உட்கார்ந்து அணுவைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரிடம் கடன் இருக்கிறது. வேலையில் இருக்கிற வாத்தியார்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாளைக்கு ஆய்வுக்கூடச் சாவி உங்கள் கையில் இருக்கும். பின்வரிசையில் தள்ளி நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் கையில் கருவியைக் கொடுங்கள்.